வீட்டுக் கடனில் முந்திக் கட்டுகிற காசு என்ன செய்கிறது? பாலக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கணக்கு

25 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 8 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 20,911 ரூபாய் வரும். முதல் மாதம் கட்டுகிற 20,911 ரூபாயில் 16,667 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 4,244 ரூபாய்தான். ஐந்து வருடம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிவிட்டு வங்கியில் போய் மீதியைக் கேட்டால், 21 லட்சத்து 88 ஆயிரம் என்பார்கள். அதுவரை கட்டியிருப்பது பன்னிரண்டரை லட்சத்துக்கும் மேல். அசல் கரைந்தது மூன்று லட்சத்துச் சொச்சம்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வட்டி எப்போதும் அன்றைக்கு மீதியிருக்கிற அசலுக்குத்தான் போடப்படுகிறது. ஆரம்பத்தில் அசல் பெரிது, அதனால் வட்டியும் பெரிது. தவணை மாறாத தொகை என்பதால் வட்டி எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவதுதான் அசலுக்குப் போகும். இந்தக் கடனில் தவணையில் வட்டியின் பங்கைவிட அசலின் பங்கு பெரிதாக ஆவதற்கே 11 வருடமும் 4 மாதமும் பிடிக்கும். முந்திக் கட்டுவது பற்றிய கணக்கெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கிறது.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதி, எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் தாலுகாவில் வாழ்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கில் சில தனிச் சிக்கல்கள் உண்டு. வீடு கேரளத்தில், வேலை பாதிப் பேருக்குக் கோயம்புத்தூரில். ஒருவர் கஞ்சிக்கோட்டு ஆலையில் ஷிப்டுக்குப் போவார், இன்னொருவர் காலையில் வேலந்தாவளம் வழியாக எல்லை தாண்டுவார். அதோடு நாலு தென்னை, கொஞ்சம் நிலம். சம்பளம் மாதாமாதம் வரும், தேங்காய்க் காசோ வெட்டுக்கு வெட்டு வரும். வங்கி மட்டும் மாதாமாதம் ஒரே தேதியில் எடுத்துக்கொள்ளும்.

கேரளத்தில் நிலமோ வீடோ வாங்கும்போது முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று பத்து சதவீதம் பதிவு அலுவலகத்திலேயே போய்விடுகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் 7ம் 2ம் சேர்ந்து ஒன்பது. சிறு வீடுகள் தவிர மற்றவற்றுக்கு இந்தச் செலவை வங்கி கடன் கணக்கில் சேர்க்காது. கையிலிருந்துதான் போக வேண்டும். அதனால் புது வீட்டுக்குக் குடிபோகும்போது பல குடும்பங்களில் சேமிப்பு துடைத்துவிட்ட நிலையில் இருக்கும், நகை அடகில் இருக்கும், மச்சினனிடம் கைமாற்று வாங்கியது பாக்கி இருக்கும். இந்த நிலையில் வீட்டுக் கடனை முந்தி அடைக்க ஓடுவது வீண். நகைக் கடன் வட்டி பெரும்பாலும் வீட்டுக் கடன் வட்டியைவிட அதிகம். முதலில் நகை வீட்டுக்கு வரட்டும். அப்புறம் ஆறு மாதத் தவணையாவது கையில் நிற்கட்டும். கடன் கணக்கில் போட்ட காசு சாதாரணமாகத் திரும்பி வராது. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் மறுபடியும் டாப் அப் கடனுக்கோ அடகுக் கடைக்கோ போக வேண்டியதுதான்.

சரி, அதெல்லாம் முடிந்தது, கையில் இரண்டு லட்சம் சும்மா இருக்கிறது என்று வைப்போம். முதல் வருடக் கடைசியில் அதைக் கடனில் கட்டினால் 38 மாதத் தவணை குறையும். மிச்சமாகும் வட்டி சுமார் 6 லட்சம். அதே இரண்டு லட்சத்தைப் பத்தாவது வருடக் கடைசியில் கட்டினால் குறைவது 20 மாதம், மிச்சம் 2 லட்சத்து 16 ஆயிரம். தொகை ஒன்றுதான். முதலில் கட்டியது கூடுதலாக ஒன்பது வருடம் வட்டியைத் தடுத்திருக்கிறது.

இந்த 'ஆறு லட்சம் மிச்சம்' என்ற பேச்சைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். அது இன்றைக்குக் கையில் வருகிற ஆறு லட்சம் இல்லை. பதினைந்து, பதினாறு வருடம் கழித்துக் கட்டாமல் விடப்போகிற தவணைகளின் கூட்டல். அன்றைக்கு 20,911 ரூபாய்க்கு என்ன மதிப்பு இருக்கும் என்பது யாருக்குத் தெரியும்? முந்திக் கட்டுகிற காசுக்கு நிச்சயமான 8 சதவீத வருமானம், அதுவும் வரியில்லாமல் கிடைக்கிறது என்று சொல்வதுதான் நேர்மையான கணக்கு. கடன் வட்டி எத்தனை சதவீதமோ அத்தனை. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் வேறு எந்த யோசனை வந்தாலும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

பணத்தைக் கட்டப் போகும்போது கவுண்டரில் ஒரு கேள்வி வரும். "தவணையைக் குறைக்கவா சார், வருஷத்தைக் குறைக்கவா?" சில இடங்களில் கேட்கவே மாட்டார்கள், ஏதோ ஒன்றைச் செய்துவிடுவார்கள். முதல் வருடக் கடைசியில் இரண்டு லட்சம் கட்டி, வருடத்தைக் குறைக்காமல் தவணையைக் குறைத்துக்கொண்டால் மாதம் 1,709 ரூபாய் குறையும், 19,202 ஆகும். கடன் 20 வருடமும் ஓடும். வட்டி மிச்சம் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தோடு நின்றுவிடும். ஆறு லட்சம் எங்கே, இது எங்கே? குறைந்த அந்த 1,709ஐ ஒவ்வொரு மாதமும் திரும்பக் கடனிலேயே போட்டால் கணக்கு ஒன்றாகிவிடும். ஆனால் மாதம் 1,709 ரூபாய் வீட்டுச் செலவில் கரைந்துபோவதற்கு ஒரு வாரம் போதும். வேலை நிச்சயமில்லாதவர், வருமானம் குறையும் என்று பயப்படுகிறவர் தவணையைக் குறைத்துக்கொள்வதில் தப்பில்லை. மற்றவர்கள் வருடத்தைத்தான் குறைக்க வேண்டும். இதை வாயால் சொன்னால் போதாது. கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்வது நல்லது.

இன்னொரு பொறியும் உண்டு. கடன் கணக்கு எண்ணுக்கு ஆன்லைனில் பணம் அனுப்பிவிட்டு 'கட்டியாச்சு' என்று இருப்பார்கள். சில நிறுவனங்களில் அது அசலில் கழியாது, அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாகக் கணக்கில் கிடக்கும். அடுத்த மாதம் சம்பளக் கணக்கில் பிடித்தம் வராதபோதுதான் தெரியும். பகுதி அசல் செலுத்துகை என்று தனியாகச் சொல்லி, பணம் கட்டிய பிறகு புதுத் தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, மீதி அசல் உண்மையிலேயே இறங்கியிருக்கிறதா, கடைசித் தவணை எந்த மாதத்துக்கு வந்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அந்தத் தாளில் பார்க்க வேண்டிய இடம் இரண்டே இரண்டுதான், மற்ற பத்திகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பெரிய தொகை கையில் இல்லாதவர்களுக்கு என்ன வழி? கேரளத்தில் ஓணத்துக்குப் போனஸ், கோயம்புத்தூரில் தீபாவளிக்கு. கணவன் கஞ்சிக்கோட்டிலும் மனைவி கோயம்புத்தூரிலும் வேலை பார்க்கிற வீட்டில் இரண்டும் வரும். அவற்றிலிருந்து வருடத்துக்கு ஒரே ஒரு தவணைத் தொகையை மட்டும் கூடுதலாகக் கட்டினால், அதாவது பன்னிரண்டுக்குப் பதில் பதின்மூன்று தவணை, நம்முடைய 20 வருடக் கடன் 16 வருடம் 11 மாதத்தில் முடியும். வட்டியில் சுமார் நாலரை லட்சம் குறையும். இதைவிடப் பலமான வழி ஒன்று இருக்கிறது. சம்பளம் உயரும்போதெல்லாம் தவணையையும் வருடத்துக்கு 5 சதவீதம் ஏற்றிக்கொண்டே போவது. இரண்டாம் வருடம் 21,957, மூன்றாம் வருடம் 23,054 என்று போகும். கடன் 12 வருடம் 4 மாதத்தில் தீர்ந்துவிடும், மிச்சம் சுமார் 8 லட்சத்து 80 ஆயிரம். கடைசி வருடம் தவணை 37 ஆயிரத்தைத் தாண்டும் என்பதால் எல்லோராலும் முடியாது. ஏழெட்டு வருடம் ஏற்றிவிட்டு நிறுத்திக்கொண்டாலும் பெரும்பங்கு வேலை நடந்திருக்கும்.

வட்டி விகிதம் மாறாது என்று வைத்துத்தான் இத்தனையும் சொன்னேன். உண்மையில் அது மாறிக்கொண்டே இருக்கும். 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தருகிற ரெப்போ விகிதத்தோடு, கட்டப்பட்டிருக்கின்றன. ரெப்போ 2022 மே வரை 4 சதவீதமாக இருந்தது, 2023 பிப்ரவரிக்குள் 6.5க்குப் போய்விட்டது. 6.7 சதவீதத்தில் 25 லட்சம் 20 வருடத்துக்கு வாங்கியவருக்குத் தவணை 18,935 ரூபாய். இரண்டு வருடம் கட்டிய பிறகு மீதி 23 லட்சத்து 72 ஆயிரம் இருக்கும்போது வட்டி இரண்டரை சதவீதம் ஏறி 9.2 ஆனால், மாத வட்டியே 18,190. அதே தவணையைக் கட்டினால் அசலில் 745 ரூபாய்தான் கழியும். மீதமிருந்த 18 வருடம் 35 வருடமாக நீளும். அந்தச் சமயத்தில் பல பேருக்குத் தவணை ஏறவில்லை என்ற சந்தோஷம் இருந்தது. தவணைக்குப் பதில் வருடம் ஏறிக்கொண்டிருந்தது.

இதனால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். முழுதாகவோ பகுதியாகவோ முன்கூட்டி அடைக்கவும் வழி தர வேண்டும். வட்டியைக்கூட ஈடுகட்டாத தவணை இருக்கவே கூடாது.

பிறகு காற்று திரும்பியது. 2025 பிப்ரவரியில் தொடங்கி டிசம்பருக்குள் ரெப்போ 6.5லிருந்து 5.25க்கு இறங்கியது. இறங்கும்போது செய்ய வேண்டியது ரொம்ப எளிது: பழைய தவணையை அப்படியே விட்டுவிடுவது. 9 சதவீதத்தில் 25 லட்சம் வாங்கியவருக்குத் தவணை 22,493. வட்டி 7.75க்கு வந்தால் அதே 20 வருடத்துக்குத் தவணை 20,524 போதும். ஆனால் பழைய தொகையையே கட்டினால் பதினாறரை வருடத்தில் கடன் முடிகிறது. பையிலிருந்து ஒரு ரூபாய் கூடுதலாக எடுக்காமலே மூன்றரை வருடம் குறைகிறது. எனக்குத் தெரிந்து முந்தி அடைக்கும் வழிகளில் வலியே இல்லாத வழி இதுதான். வங்கி தானாகத் தவணையைக் குறைத்துவிட்டிருந்தால் பழையபடி ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். இன்னும் பழைய எம்.சி.எல்.ஆர் முறையிலேயே (வங்கி தன் பணச் செலவை வைத்துத் தானே வட்டி நிர்ணயிப்பது) இருக்கிற கடன் என்றால், புது முறைக்கு மாறச் சின்னக் கட்டணம்தான், கேட்டுப் பார்க்க வேண்டும்.

கையில் இருக்கிற காசைக் கடனில் போடாமல் வேறு எங்காவது போட்டால் 8 சதவீதத்துக்கு மேல் வருமா? வங்கி டெபாசிட் வராது. பெரிய வங்கிகளில் டெபாசிட் வட்டி வீட்டுக் கடன் வட்டிக்குக் கீழேதான் இருக்கும், அதிலும் வரி உண்டு. மியூச்சுவல் ஃபண்டில் நீண்ட காலத்தில் வரலாம், யாரும் உறுதி சொல்ல முடியாது. சந்தை விழும்போது பயந்து எடுத்துவிடுகிறவருக்குக் கடனை அடைப்பதே மேல். வேலை பார்க்கிற வயதில் 8ஐத் தாண்டுவதற்குச் சொல்லத் தகுந்தவை இரண்டு. ஒன்று பி.எஃப். 2024-25க்கு அதன் வட்டி 8.25 சதவீதம். கஞ்சிக்கோட்டு ஆலைகளில் பி.எஃப் பணத்தை எடுத்து வீட்டுக் கடனில் கட்டுகிற பழக்கம் இருக்கிறது. 8.25 வருகிற இடத்திலிருந்து எடுத்து 8 சதவீதக் கடனை அடைப்பது கொஞ்சம் நஷ்டம், ஓய்வுக்காலப் பணத்திலும் ஓட்டை. இன்னொன்று பெண் குழந்தை இருப்பவர்களுக்கான செல்வமகள் திட்டம். 2024 ஜனவரியிலிருந்து 8.2 சதவீதம், வரியில்லை, வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம். வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிர்ணயிக்கிறது, மாறலாம். பணமும் பல வருடம் பூட்டிக் கிடக்கும்.

'கடனை அடைத்துவிட்டால் வரிச் சலுகை போய்விடுமே' என்று ஒரு பேச்சு அடிக்கடி வரும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு வருடம் 2 லட்சம் வரை கழிவு கிடைப்பது பழைய வரி முறையில் மட்டும்தான். புதிய முறையில் இல்லை. 2025-26லிருந்து புதிய முறையில் 12 லட்சத்து 75 ஆயிரம் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு வரியே இல்லை. இல்லாத வரிக்குச் சலுகை தேடுவானேன்? பழைய முறையில் 30 சதவீத வரிப் படியில் இருப்பவருக்கு மட்டும் கணக்கு வேறு. அவருக்கு 8 சதவீதக் கடனின் உண்மையான பாரம் ஐந்தரை சதவீதம்தான். அவர் அவசரப்பட வேண்டாம், 7.1 சதவீதம் தருகிற பி.பி.எஃப்கூட அதைவிட மேல்.

பாலக்காட்டு மண்ணில் குறியை, அதாவது ஏலச் சீட்டைப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. 1969ல் திருச்சூரில் கேரள அரசு தொடங்கிய கே.எஸ்.எஃப்.இ என்ற நிதி நிறுவனம் நடத்துகிற குறியில் சேர்ந்து, அந்தப் பணத்தைக் கொண்டுபோய் வீட்டுக் கடனை அடைப்பது இங்கே சகஜம். மாதம் 2,500, நாற்பது மாதம், ஒரு லட்ச ரூபாய்க் குறி என்று எடுத்துக்கொள்வோம். நிறுவனத்தின் கமிஷன் 5 சதவீதம். ஏலத்தில் எடுப்பவர் விட்டுக்கொடுக்கிற தள்ளு சராசரியாக 20 சதவீதம் என்று வைத்தால், அதில் கமிஷன் போக மிச்சம் எல்லோருக்கும் கழிவாகப் பிரியும்; கழிவு போகக் கட்டுவது மாதம் சராசரி 2,125. கடைசிவரை காத்திருந்து 95 ஆயிரம் எடுப்பவருக்கு வருமானம் வருடத்துக்கு ஆறரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அதே 2,125ஐ மாதாமாதம் கடனில் போட்டிருந்தால் 8 கிடைத்திருக்கும். தொடக்கத்திலேயே 30 சதவீதம் தள்ளி 70 ஆயிரம் எடுப்பவருக்கோ அது 12 சதவீதத்தை ஒட்டிய வட்டிக்குக் கடன் வாங்கியது மாதிரி. அதைக் கொண்டு 8 சதவீதக் கடனை அடைப்பதில் லாபம் எங்கே இருக்கிறது? குறியின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. கட்டாயமாகக் கட்ட வைக்கும், கடைசியில் மொத்தமாகக் கொடுக்கும், நடுவில் அவசரம் வந்தால் ஏலத்தில் எடுத்துக்கொள்ளலாம். கையில் காசு தங்காதவர்களுக்கு இந்த ஒன்றரை சதவீத வித்தியாசம் கொடுக்கத் தகுந்த விலை என்றே நினைக்கிறேன்.

தேங்காய்க் காசு 45 நாளுக்கு ஒருமுறை வருகிறவருக்கு இன்னும் பொருத்தமானது ஓவர் டிராஃப்ட் வகை வீட்டுக் கடன். ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெயின் இந்த வகை. உபரிப் பணத்தைக் கடன் கணக்கிலேயே போட்டு வைக்கலாம். போட்ட நாளிலிருந்து அந்த அளவுக்கு வட்டி ஓடாது. உரத்துக்கோ கூலிக்கோ தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வட்டி பொதுவாகக் கொஞ்சம் கூடுதல் என்பதால், எப்போதும் கணிசமான தொகை அதில் கிடக்கும் என்றால் மட்டுமே லாபம். எடுக்க முடியும் என்பதாலேயே எடுத்துச் செலவு செய்கிற கை என்றால் சாதாரணக் கடனே போதும்.

விவசாய நகைக் கடனைக் குறைந்த வட்டிக்கு வாங்கி வீட்டுக் கடனை அடைப்பது என்று ஒரு 'புத்திசாலித்தனம்' டீக்கடைகளில் உலவுகிறது. அந்த மலிவான வட்டி பயிருக்காகத் தரப்படுவது, குறுகிய காலத்தில் அசலோடு திருப்ப வேண்டும். இருபது வருடக் கடனை ஒரு வருடக் கடனாக மாற்றி நகையைப் பணயம் வைக்கிறோம், அவ்வளவுதான்.

முந்தி அடைத்தால் அபராதம் உண்டா? தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு வங்கிகள் முன்செலுத்துக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. நிலையான வட்டிக் கடன் என்றால் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். கேரளத்தில் ஊருக்கு ஊர் இருக்கிற சர்வீஸ் சகரண (கூட்டுறவு) சங்கங்கள் பெயரில் 'பேங்க்' என்று வைத்திருந்தாலும் தொடக்க வேளாண் கடன் சங்கங்கள் என்பதால் ரிசர்வ் வங்கியின் பிடிக்குள் வராது. அங்கே வீட்டுக் கடன் வாங்கியவர்கள் அந்தச் சங்கத்தின் விதிகளையே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முழுதாக அடைத்த பிறகு ஒரு மாதம் கவனமாக இருக்க வேண்டிய வேலை இருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள விதிப்படி, கடன் தீர்ந்த 30 நாளுக்குள் ஈடாக வாங்கி வைத்த மூல ஆதாரங்கள் (சொத்துப் பத்திரங்கள்) அத்தனையும் திரும்ப வர வேண்டும், மையப் பதிவேடான செர்சாயில் இருக்கிற பாத்தியதைப் பதிவையும் நீக்க வேண்டும். வங்கி தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். ஆதாரத்தைத் தொலைத்துவிட்டால் நகல் எடுக்கும் செலவு வங்கியுடையது. கடன் வாங்கும்போது கொடுத்த பட்டியலை வைத்து மூல ஆதாரம், முன் ஆதாரங்கள், கரம் (நிலவரி) கட்டிய ரசீது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கடன் பாக்கி இல்லை என்ற சான்றிதழோடு வாங்கிக்கொள்ளலாம். வீடு தமிழ்நாட்டில், பொள்ளாச்சிப் பக்கம் என்றால் இன்னொரு படி உண்டு. அங்கே ஆவணத்தை ஈடு வைத்தது சார் பதிவாளரிடம் பதிவாகியிருக்கும். வங்கி ஆளை அழைத்துப் போய் ரசீது ஆவணம் பதிந்தால்தான், வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் தீர்ந்ததும் பதிவாகும்.